கடல் ஏறும் நேரம்

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமைக் காலையில் பார்க்கிங் ரயில் நிலையத்தில் நின்றால் தமிழ்க் குரல் காதில் விழாமல் இருக்காது. ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், இல்ஃபோர்டு என்று பக்கத்து வட்டாரங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சவுத்எண்ட் ரயிலுக்குக் காத்திருப்பார்கள். குளிர்பெட்டி, மடக்கு நாற்காலி, மாற்றுடைப் பை. ஏதோ ஒரு பைக்குள்ளிருந்து மட்டன் ரோல்ஸ் மணக்கும். முக்கால் மணி நேரத்தில் கடற்கரை. இரண்டு மூன்று நாள் தங்க அறை எடுத்தவர்களும் உண்டு, இரவே திரும்புகிறவர்களும் உண்டு. பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான். ரயிலை விட்டு இறங்கியதும் தண்ணீருக்குள் ஓட வேண்டும்.

ஆனால் சில நாள் ஹை ஸ்ட்ரீட்டின் கோடிக்கு வந்து மேட்டிலிருந்து பார்த்தால் தண்ணீரே தெரியாது. சாம்பல் நிறச் சேறு, அதில் ஒருக்களித்துக் கிடக்கும் படகுகள், சேற்றைக் கிளறும் பறவைகள்.

"கடல் எங்கயம்மம்மா?"

"வத்திப்போச்சு ராசா. பின்னேரம் வரும்."

தேம்ஸ் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது சவுத்எண்ட். வற்றும்போது தண்ணீர் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிடும். லண்டனிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த படகுகள் அந்த நேரத்தில் கரையை நெருங்கவே முடியாது என்பதால்தான், 1830இல் மரத்தால் ஒரு நீண்ட இறங்குபாலம் போட்டார்கள். பிறகு அதை நீட்டிக்கொண்டே போனார்கள். 1889இல் இரும்பில் புதிதாக எழுந்த பாலம் இன்று 2 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, அதன்மேல் சிறு ரயிலும் ஓடுகிறது. உல்லாசப் பாலங்களில் உலகிலேயே நீளமானது என்று பெருமையோடு சொல்வார்கள். அந்த நீளத்துக்குக் காரணம் இந்த வற்றும் கடல்தான்.

நம்மவர்கள் பலருக்கும் இந்தக் கடல் பிடிபடாமல் போவதற்குக் காரணம் உண்டு. சென்னையிலோ பருத்தித்துறையிலோ நீர்மட்டம் ஏறி இறங்குவது பெரிய நாள்களிலும் 1 மீட்டர் அளவில்தான். பல இடங்களில் அதற்கும் குறைவு. அங்கே பயம் அலைக்கும் சுழலுக்கும். அலை அடங்கியிருந்தால் கடல் நல்ல கடல் என்று கண் பழகிவிட்டது. சவுத்எண்டில் நீர்மட்டம் 5 மீட்டருக்கும் மேல் மாறும் நாள்கள் உண்டு. ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வற்றும், அதே அளவு நேரம் ஏறும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன வாரம் போய்வந்த மாமா சொன்ன நேரம் இந்த வாரம் உதவாது.

லண்டனுக்கு இது புதிய பாடமுமல்ல. கடலுக்குப் போக வசதியில்லாத ஈஸ்ட் எண்ட் பிள்ளைகளுக்காக 1934இல் டவர் ஆஃப் லண்டன் கோட்டையின் கீழே, தேம்ஸ் கரையில் மணல் கொட்டி ஒரு கடற்கரையையே உண்டாக்கினார்கள். 1971இல் மூடும்வரை, ஆற்றுநீர் இறங்கியிருக்கும் சில மணி நேரம் மட்டுமே அங்கே விளையாட்டு. நேரம் பார்த்துத்தான் பிள்ளைகள் இறங்கினார்கள்.

2016 ஆகஸ்ட் 24ஐ இங்குள்ள தமிழர்கள் மறந்திருக்க முடியாது. அன்று நல்ல வெயில். கிழக்கு சசெக்ஸில் உள்ள கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கூட்டம். லண்டன் பக்கத்திலிருந்து ஒன்றாகப் போன ஐந்து தமிழ் இளைஞர்கள் பிணமாகத்தான் கரைக்கு வந்தார்கள். ஈழத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். இருபதை ஒட்டிய வயது. ஒரு மாதத்துக்கு முன்பும் அதே கரையில் ஒரு இளைஞர் இறந்திருந்தார். அவ்வளவு பேர் வந்துபோகும் கடற்கரையில் அன்று உயிர்காப்பு நீச்சல் காவலர் ஒருவர்கூட இல்லை. எத்தனை ஆண்டு கழித்து எழுதினாலும் இது பொறுக்க முடியாத விஷயம். 1824இலிருந்து கடலில் உயிர்காக்கும் ஆர்.என்.எல்.ஐ. அமைப்பின் காவலர்கள் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அங்கே நிற்கத் தொடங்கினார்கள்.

கேம்பர் அழகான கரை. மென்மணல், முழங்கால் அளவுத் தண்ணீர், பல நாள் பெரிய அலையும் கிடையாது. ஆனால் அந்த மணல் சமதளமல்ல. கடலுக்குள் மேடு மேடாக மணல்திட்டுகள். திட்டுக்கும் கரைக்கும் நடுவே பள்ளம். நீர் ஏறத் தொடங்கும்போது முதலில் நிறைவது அந்தப் பள்ளம்தான். திட்டின்மேல் பந்து விளையாடுகிறவனுக்குக் கணுக்கால்கூட நனைந்திருக்காது, திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். சவுத்எண்டிலும் இதே கதை. 1944இல் நார்மண்டிப் படையிறக்கத்துக்காகக் கட்டிய செயற்கைத் துறைமுகத்தின் ஒரு பெரிய கான்கிரீட் துண்டு தோர்ப் பே கரைக்கு வெளியே சேற்றில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. வற்றிய நேரத்தில் அதைப் பார்க்க நடந்துபோய், திரும்பும் வழியில் நீர் சூழ்ந்து மாட்டிக்கொள்கிறவர்கள் அடிக்கடி உண்டு. படகு போகாத அந்தச் சேற்றுக்கென்றே ஆர்.என்.எல்.ஐ. அங்கே ஒரு ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறது.

அதனால் விடுமுறையின் முதல் நாளில் முதல் அரை மணி நேரத்தைத் தண்ணீருக்கு வெளியே கழியுங்கள். பாய் விரித்து, ரோல்ஸை எடுத்துக் கொடுத்து, பிள்ளைகளை உட்கார வைத்துக் கடலைப் பார்க்க வையுங்கள். இப்போது ஏறுகிறதா, வற்றுகிறதா? மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால், குளிக்கும் இடம் அவற்றின் நடுவில். முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. காவலரிடம் போய்க் கேட்க வெட்கப்பட வேண்டாம், அதற்காகத்தான் அவர் நிற்கிறார். தண்ணீருக்குள் தடுமாறினால் கைகால் அடிக்காமல், தலையைப் பின்னால் சாய்த்து மல்லாந்து மிதக்க வேண்டும். கரையில் நிற்கிறவர் பின்னால் குதிக்காமல் 999 அழைத்து கோஸ்ட்கார்டைக் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளியை முடிப்பதற்குள் 25 மீட்டராவது நீந்தக் கற்றுத்தர வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பதினைந்து வயதிலும் இருபது வயதிலும் வந்து சேர்ந்தவர்களுக்கு அந்த வகுப்பு கிடைக்கவில்லை. கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் இரவு பகலாக நின்றவர்களுக்கு நீச்சல் குளத்துக்குப் போக நேரமும் இருந்ததில்லை. கோடைதோறும் பஸ் பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துப்போகும் நம் கோயில்களும் சங்கங்களும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் இவர்களுக்கு ஒன்று செய்யலாம். பயண அறிவித்தலில் பஸ் புறப்படும் நேரம், மதியச் சாப்பாடு, கட்டணம் எல்லாம் போடுகிறார்கள். அதன் கீழே, அன்று அந்தக் கரையில் கடல் ஏறத் தொடங்கும் நேரத்தையும் ஒரு வரியில் போடட்டும்.