படத்தைக் காக்கும் அட்டை எது?

நம் கறம்பக்குடிப் பகுதியில் படம் மாட்டாத வீடு உண்டோ? திருவுருவப் படங்கள், பெற்றோரின் திருமணப் படம், மறைந்த தாத்தா பாட்டியின் படம் எனச் சுவர் நிறைந்திருக்கும். இவற்றுள் பல, மறுபிரதி இல்லாத ஒரே படங்கள். கண்ணாடியையும் சட்டத்தையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நாம், படத்தின் பின்னே வைக்கும் அட்டையைப் பற்றி எண்ணுவதே இல்லை. படத்தின் ஆயுளோ பெரிதும் அந்த அட்டையைப் பொறுத்தது.

மரத்தில் லிக்னின் என்னும் பொருள் உண்டு. அது நீக்கப்படாத காகிதம், வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறுகிறது, அமிலமும் உண்டாகிறது. பழைய செய்தித்தாள் மஞ்சளாகி நொறுங்குவது இதனால்தான். மலிவான அட்டையிலுள்ள அமிலம் மெல்ல மெல்லப் படத்துக்குள்ளும் ஏறிக் கறைப்படுத்தும். காகிதம் நலிவதற்கு அதிலுள்ள அமிலமே முக்கியக் காரணம் என்பதை 1950-களில் அமெரிக்கரான வில்லியம் பாரோ ஆராய்ந்து காட்டினார்.

இப்போது பிளாஸ்டிக் நுரைப் பலகைக்கு மாற்றாக, முழுவதும் காகிதத்தாலான கெட்டி அட்டைகள் வந்துள்ளன. இரு தாள்களுக்கு நடுவே தேனடை போன்ற காகித அறைகள் இருக்கும். எடை குறைவு, எளிதில் வளையாது, மறுசுழற்சிக்கும் ஏற்றது. "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று விற்கிறார்கள். வாங்கலாமா? மூன்று கேள்விகள் கேட்போம்.

முதலாவது, படத்துக்கு நல்லதா? மேலே வெள்ளையாக இருந்தால் போதாது. நடுவிலுள்ள தாளையும் சோதிக்க வேண்டும். துண்டுகளாக்கி, காய்ச்சி வடித்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீல லிட்மஸ் தாளை நனைத்துப் பார்க்கலாம். சிவந்தால் அமிலம் உண்டு. இன்னொரு துண்டைப் பாதி மறைத்து, செய்தித்தாள் துண்டுடன் இரண்டு வாரம் வெயிலில் வைப்போம். மறைக்காத பாதி மஞ்சளானால் அது படத்துக்கு ஆகாது. கால்சியம் கார்பனேட் சேர்த்த அமிலமற்ற அட்டையே நல்லது.

இரண்டாவது, ஈரத்தைத் தாங்குமா? 2018 நவம்பர் 16-இல் கரை கடந்த கஜா புயல் நம் மாவட்டத்தை உலுக்கியதை மறக்க முடியுமா? சுவர் நனைந்தால் காகித அட்டை நீரை உறிஞ்சும். கரையானும் தேடி வரும். இதில் நுரைப் பலகையே மேல். ஆதலால் சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோட்டம் விடுதல் நலம்.

மூன்றாவது, மண்ணுக்கு நல்லதா? பிளாஸ்டிக் மக்காது, காகிதம் மக்கும். ஆனால் அதற்கான கூழ் எங்கிருந்து வருகிறது? தைலமரக் காடுகள் நிலத்தடி நீரைக் குறைக்கின்றன என்று நம் மாவட்ட உழவர்கள் நெடுநாளாக முறையிடுகின்றனர். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984-இல் கரூர் அருகே காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கியது. எனவே மரம் ஒன்றே வழியன்று. சக்கையா, பழைய காகிதமா, மரமா என்று கேட்டறிவது நம் கடமை.

ஆக, மண்ணுக்கு நல்லது என்பதாலேயே ஓர் அட்டை படத்துக்கும் நல்லதாகிவிடாது. முதல் சோதனையில் தோற்ற அட்டையும் வீணன்று. பள்ளிக் கண்காட்சியில் தெர்மோகோலுக்குப் பதிலாக அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பாட்டியின் ஒரே படத்துக்கு மட்டும், சோதனையில் தேறிய அட்டையையே கேட்டு வாங்குவோம்.