உயிர்களைக் கண்டு எழுத்தை அறிதல்

தமிழ் அரிச்சுவடியின் முதற்பக்கங்களில் அணிலும் ஆடும், ஈயும் எலியும் நம்மை வரவேற்கின்றன. அசையும் உயிரைக் கண்டால் குழந்தையின் கண் விரியும் என்பதை அச்சுவடிகளை அமைத்தோர் அறிந்திருந்தனர். ஆயினும் படத்தைக் காட்டி எழுத்தைச் சொல்லவைப்பதோடு அப்பயிற்சி பெரும்பாலும் நின்றுவிடுகிறது. உண்மையான உயிரை உற்றுநோக்கி, அதைப் பற்றிப் பேசி, பேசியதையே எழுதிப் படிக்கும் வழி ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் வாழும் குடும்பங்கள் அதனை எவ்வாறு கைக்கொள்ளலாம் என்பதை இங்குக் காண்போம்.

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்பதே 2021 ஜூலையில் நடுவண் அரசு தொடங்கிய ‘நிபுண் பாரத்’ இயக்கத்தின் குறிக்கோள். அதற்குப் பிந்தைய வகுப்புகளில் அறிவியலும் சமூகவியலும் பாடநூலின் வழியாகவே கற்கப்படுகின்றன. வாசிக்கத் திணறும் குழந்தை அனைத்துப் பாடங்களிலும் பின்தங்க நேரிடுகிறது. இந்நகரத் தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றொரு கவலையும் உண்டு. பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ பயிற்றுமொழியாக அமையும்போது, தமிழை வாசிக்கக் கற்பிக்கும் பொறுப்பு பெரிதும் வீட்டையே சேர்கிறது. அது தவறினால், பாட்டியோடு தமிழில் பேசும் பேரனால் அவர் எழுதிய கடிதத்தைப் படிக்க இயலாமற் போகும்.

நியூசிலாந்தில் மவோரி இனக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், தம் அனுபவத்தை 1963-இல் ‘டீச்சர்’ என்னும் நூலாக வெளியிட்டார். குழந்தையின் உள்ளத்திலிருந்து எழும் சொல்லே அது படிக்க வேண்டிய முதற்சொல் என்பது அவரது கொள்கை. தான் சொன்ன சொல்லைக் குழந்தை எளிதில் மறப்பதில்லை. உயிர்களை நேரிற் காணும்போது அத்தகைய சொற்கள் தாமாகவே பிறக்கின்றன.

தொடங்குவதற்கு ஒரு கறிவேப்பிலைச் செடியே போதும். அதில் ஒருவகைக் கறுப்பு வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். வெளிவரும் இளம்புழு பறவையின் எச்சம் போலத் தோன்றுவதால் பகைவரின் கண்ணுக்குத் தப்புகிறது. வளர்ந்தபின் பச்சை நிறம் பெற்று இலையோடு இலையாக மறைகிறது. பின்னர்க் கூட்டுப்புழுவாகி, இறுதியில் சிறகு விரிக்கிறது. ஏறத்தாழ ஒரு திங்களுக்குள் இவ்வளவும் நிகழும். குழந்தை நாள்தோறும் புழுவின் நீளத்தை ஒரு நூலால் அளக்கலாம், தின்னப்பட்ட இலைகளை எண்ணலாம், கண்டதை வரையலாம். மயிரடர்ந்த கம்பளிப்பூச்சிகளைத் தொட்டால் அரிப்பு உண்டாகும் என்பதையும் முன்னரே சொல்லி வைப்பது நலம்.

அன்று கண்டதைக் குழந்தை ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும். ‘புழு எலையத் தின்னுது’ என்று அது சொன்னால், அவ்வாறே பெரிய எழுத்தில் எழுதுவோம். அதன் கீழே ‘புழு இலையைத் தின்கிறது’ என்று எழுதி, இரண்டையும் விரல் வைத்துப் படித்துக் காட்டுவோம். தமிழில் பேச்சு நடையும் எழுத்து நடையும் வேறுபடுவதால், புத்தகத் தமிழ் குழந்தைக்கு முதலில் அயலாகத் தோன்றும். தன் வாக்கியம் எழுத்து நடையில் எவ்வாறு மாறுகிறது என்று கண்ட குழந்தைக்கு அந்த அயன்மை குறைகிறது. ‘எலை’ என்று சொன்னதைப் பிழை என்று கடிந்தால் அடுத்த நாள் அது வாய் திறவாது.

வீட்டில் பழகியபின் நகரத்து அருங்காட்சியக வளாகத்திற்குச் செல்லலாம். அருங்காட்சியகம் 1857-இல் தொடங்கப்பெற்றது. நேப்பியர் அருங்காட்சியகக் கட்டடம் 1880-இல் எழுந்தது. உயிரியல் பூங்காவும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இவ்வளாகத்திலேயே உள்ளன. திங்கட்கிழமை விடுமுறை. ஒரே நாளில் அனைத்தையும் பார்க்க முயல வேண்டா. இரண்டு விலங்குகள் போதும். ‘நீர்யானையின் கண்ணும் காதும் மூக்கும் எங்கே இருக்கின்றன?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்போம். உடல் நீருள் மூழ்கியிருக்க அவை மூன்றும் தலையின் மேற்புறத்தில் இருப்பதைக் குழந்தை தானே கண்டு சொல்லும். அதன் காரணத்தையும் விரைவில் ஊகித்துவிடும்.

இங்கே மொழிப்பாடமும் காத்திருக்கிறது. ஆமை மலையாளத்தில் ‘ஆம’, முதலை ‘முதல’, மயிலும் மானும் இரு மொழிக்கும் பொது. ஆனால் நாம் புலி என்பதை மலையாளத்தார் ‘கடுவ’ என்பர். அவர்கள் ‘புலி’ என்பது பெரும்பாலும் நம் சிறுத்தையை. இத்தகைய ஒப்பீடு இருமொழிக் குழந்தைக்கு விளையாட்டாகவே சொல்லறிவைத் தரும். பூங்காவில் விலங்குகளைத் தொடுவதும் அவற்றுக்கு உணவிடுவதும் கூடா. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுப் பச்சைக்கிளியையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வளர்ப்பதும் குற்றமாகும். இவ்வொழுங்கும் பாடத்தின் ஒரு பகுதியே.

அங்கிருந்து சிறிது தொலைவில் பாளையத்தில் உள்ளது 1829-இல் நிறுவப்பெற்ற மாநில மத்திய நூலகம். அங்குத் தமிழ் நூல்களும் உண்டு. காலையில் கண்ட விலங்கைப் பற்றி மாலையில் ஒரு நூலைத் தேடும் குழந்தை, வாசிப்பின் பயனைத் தானே உணர்கிறது.

இவற்றுக்கெல்லாம் வேண்டுவது ஒரு குறிப்பேடும் நாளொன்றுக்குக் கால் மணி நேரமுமே. நாளுக்கு ஒரு வாக்கியம் எனினும் ஓராண்டில் முந்நூறைத் தாண்டும். வங்கிக் கணக்கேட்டில் சிறுதொகை சேர்வது போல அக்குறிப்பேட்டில் சொற்கள் சேர்கின்றன. ஆண்டிறுதியில் குழந்தை அதன் முதற்பக்கத்தைத் திருப்பி, ‘புழு இலையைத் தின்கிறது’ என்று எவர் துணையுமின்றிப் படிக்கும்போது அச்சேமிப்பின் பயனை நாம் காண்போம்.