குலை நோய் மருந்து போனால் நெல் விவசாயி என்ன செய்வார்?



உரம், பூச்சி மருந்துக் கடை நடத்துவோரும் நம் சங்கத்தில் உண்டு. நெல், அரிசி மொத்த வியாபாரம் செய்வோரும் உண்டு. இந்த இரு சாராரையும் பாதிக்கும் ஒரு விஷயத்தை இம்மாதம் விளக்க முற்படுகிறோம். பஞ்சாப், ஹரியானா பாசுமதி விவசாயிகள் ஒரு பூசணக் கொல்லியை இழந்து படும் பாடுதான் அது.

நெற்பயிரைத் தாக்கும் நோய்களில் கொடியது குலை நோய். இது ஒரு பூசணத்தால் வருவது. இரவில் குளிரும் பனியும் இருந்து, இலை வெகுநேரம் ஈரமாக இருந்தால் பரவும். முதலில் இலையில் கண் வடிவத்தில் புள்ளிகள் தோன்றும். கதிர் வந்தபின் அதன் கழுத்தைத் தாக்கினால் கதிர் ஒடிந்து, மணி பதராகும். உழவு, நடவு, உரம் என்று எல்லாச் செலவும் செய்து முடித்தபின் வரும் நஷ்டம் இது.

இதற்கு ட்ரைசைக்ளசோல் என்ற மருந்து பல ஆண்டுகளாகக் கைகொடுத்து வந்தது. பூசணம் இலையைத் துளைத்து உள்ளே புகாதபடி தடுப்பது இதன் வேலை. 75 சதவீதத் தூளில் ஏக்கருக்குச் சுமார் 120 கிராம் போதும். செலவு குறைவு. ஆனால் கதிர் வரும் பருவத்தில் அடிப்பதால் மணியில் கொஞ்சம் மிச்சம் தங்கிவிட வாய்ப்புண்டு.

அந்த மிச்சத்தில்தான் சிக்கல் வந்தது. அரிசியில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த அளவை, ஐரோப்பிய யூனியன் 2017-இல் விதி மாற்றி 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. 2018 தொடக்கம் முதல் பாசுமதிக்கும் இது அமலுக்கு வந்தது. நம் கணக்கில் சொன்னால், 10 டன் லோடு முழுவதிலும் முன்பு 10 கிராம் மருந்து இருக்கலாம்; இப்போது 0.1 கிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு தள்ளுபடி!

ஐரோப்பாவுக்குப் போகாத நெல்லுக்கு என்ன கவலை என்று கேட்கலாம். நம் பாசுமதியில் பெரும்பகுதி அரபு நாடுகளுக்கும் ஈரானுக்கும்தான் போகிறது. ஆனால் நாற்று நடும்போது, தன் நெல் ஐரோப்பாவுக்குப் போகுமா, வளைகுடாவுக்குப் போகுமா, நம் ஊர் பிரியாணிக் கடைக்கு வருமா என்று விவசாயிக்குத் தெரியாது. ஆலையில் பல பேருடைய நெல் ஒன்றாகக் கலக்கிறது. ஒருவர் அடித்த மருந்து அத்தனை பேர் சரக்கையும் கெடுக்கும். எனவேதான் பஞ்சாப் அரசு 2022-இல் ட்ரைசைக்ளசோல் உட்பட 10 மருந்துகளின் விற்பனையை அறுவடைக்கு முந்தைய 60 நாட்களுக்குத் தடை செய்தது.

மருந்து போனபின் விவசாயிக்கு உள்ள வழிகள் மூன்று.

ஒன்று, மாற்று மருந்து. அசாக்சிஸ்ட்ரோபின், டெபுகோனசோல் போன்றவை உண்டு. ஆனால் விலை கூடுதல். மிச்சத்துக்கு அவற்றுக்கும் வரம்பு உண்டு. ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் பழகிவிடும்.

இரண்டு, நோய் தாங்கும் ரகம். டெல்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2021-இல் 1509 ரகத்தைத் திருத்தி பூசா பாசுமதி 1847-ஐயும், 1121-ஐத் திருத்தி 1885-ஐயும் தந்தது. இவை குலை நோயையும் பாக்டீரியா இலைக்கருகலையும் தாங்கும். நல்ல வழி இதுவே. ஆனாலும் பூசணம் மாறிக்கொண்டே இருப்பதால் எந்த ரகமும் என்றென்றைக்கும் தாங்கும் என்று சொல்வதற்கில்லை.

மூன்று, சாகுபடி முறை. யூரியாவை அள்ளிப் போடாமல் பிரித்துப் போடுவது, சூடோமோனாஸ் கொண்டு விதை நேர்த்தி செய்வது, வரப்புப் புல்லை அகற்றுவது. செலவு குறைவு, கவனம் அதிகம் வேண்டும்.

இனி நம் பங்கு. விதி போடுவது அரசு. சரக்கைத் திருப்பி அனுப்புவது வாங்குபவர். நஷ்டம் கடைசியில் வயலில்தான் போய் இறங்குகிறது. மருந்தில்லாத நெல்லுக்கும் மருந்தடித்த நெல்லுக்கும் மண்டியில் ஒரே விலை என்றால், கூடுதல் செலவை விவசாயி ஏன் ஏற்க வேண்டும்? சுத்தமான சரக்கைத் தனியாக வாங்கி, தனியாக அடுக்கி, மூட்டைக்கு ஐந்து பத்து கூட்டிக் கொடுப்பது தர்மம் மட்டுமல்ல, நல்ல வியாபாரமும்கூட.

மருந்துக் கடை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பா, தாளடிப் பட்டத்தில் மார்கழிப் பனி இறங்கினால் நம் பக்கத்திலும் குலை நோய் வரும். பல விவசாயிகள் ஆலோசனை கேட்பது நம் கடை வாசலில்தான். எந்த நோய், எந்தப் பருவம், அறுவடைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டு, பில் போட்டு, அளவு சொல்லிக் கொடுங்கள். இன்று கல்லாவில் விழும் நாலு காசுக்காக நாளை அவர் நெல் விலைபோகாமல் நின்றால், நமக்கு வரவேண்டிய பாக்கியும் அதோடு நின்றுவிடும்.