என்ஜினுக்குள் ஒரு கேட்காரர்

விடுமுறையில் நம் குடும்பங்களை ஊருக்கு இழுத்துச் செல்லும் மின்சார என்ஜினுக்குள், எவர் கண்ணிலும் படாத கேட்காரர் ஒருவர் பணியாற்றுகின்றார். சிறு சில்லுகளால் அமைந்த 'கேட் டிரைவர்' என்னும் மின்சுற்றே அவர்.

தலைக்கு மேலுள்ள கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். டபிள்யூ.ஏ.பி.7 போன்ற என்ஜின்கள் அதனைக் குறைத்து, நேர்மின்னோட்டமாக்கி, பின்னர் மும்முனை மின்சாரமாக மாற்றி மோட்டார்களுக்கு அளிக்கின்றன. இன்று இம்மாற்றத்தைச் செய்பவை ஐ.ஜி.பி.டி. என்னும் ஸ்விட்சுகள். இவை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை வழி திறந்து மூடுகின்றன.

ஆணையிடும் கணிப்பொறியின் குறிப்போ மிக மெலிந்தது. அதனைப் பெற்று, ஏறத்தாழ 15 வோல்ட் அழுத்தத்துடன் ஸ்விட்சின் வாயிலில் செலுத்துவது கேட் டிரைவரின் கடமை. சுணங்கினால் ஸ்விட்சு பாதி திறந்தபடி சூடேறும். அளவுமீறி விரைந்தால் மின்னழுத்தம் துள்ளியெழுந்து அதனையே அழிக்கும்.

மேலும் கீழுமாக இணைந்த இரு ஸ்விட்சுகள் ஒருசேரத் திறத்தல் ஆகாது. திறப்பின் ஷார்ட் சர்க்யூட்டே. கேட் மூடாமல் சிக்னல் கிடைக்காதவாறு ரயில்வேயில் இன்டர்லாக்கிங் வைத்திருப்பது போல, ஒன்று மூடிச் சிறிது இடைவெளி விட்ட பின்னரே மற்றது திறக்கப்படுகின்றது.

அவ்வாறிருந்தும் பிழை நேரின், ஸ்விட்சு தாங்கும் காலம் பெரும்பாலும் 10 மைக்ரோ வினாடியே. அஃதாவது, ஒரு வினாடியில் இலட்சத்தில் ஒரு பங்கு. அதற்குள் கேட் டிரைவர் தானே கண்டறிந்து வழியை மூடிவிடல் வேண்டும். தவறினால் என்ஜின் வலுவிழக்கும். குழந்தை குட்டிகளுடன் நாம் இடைவழியில் காத்திருப்போம்.

நள்ளிரவில் லெவல் கிராசிங்கில் விளக்கேந்தி நிற்பவரை நன்றியுடன் நினைக்கின்றோம். என்ஜினுக்குள் விழித்திருக்கும் இச்சிறு காவலையும், மின்னியல் பயிலும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளுதல் நன்று.