அம்மம்மாவுக்குப் பதிவு எண் இல்லை

சைல்ட்கேர் கிரான்ட் படிவத்தில், பிள்ளையைப் பார்ப்பவரின் ஒஃப்ஸ்டெட் பதிவு எண் கேட்டிருந்தது. அம்மா பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. "என்ர பேரைப் போடன், நான்தானே பாக்கிறன்" என்றா. அம்மம்மாமாருக்குப் பதிவு எண் இல்லை, பதிவில்லாத ஆள் பார்த்தால் அந்த உதவி கிடையாது என்று விளங்கப்படுத்தினேன். "அப்ப பதிவு செய்த ஆக்கள் காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டை வந்து பாப்பினமோ?" என்று கேட்டா. என்னிடம் பதில் இருக்கவில்லை.

நான் லண்டனில் பிறந்தவள். 2021 செப்டெம்பரில், 35 வயதில், ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நேர்சிங் படிக்கப் போனேன். அதற்கு முதல் கணக்கியல் பட்டம், பிறகு பதினொரு வருடம் ஒரு அலுவலகத்தில் மற்றவர்களுக்குச் சம்பளம் கணக்குப் பார்க்கும் வேலை. ஏன் மாறினேன் என்பது 2020 இல் அப்பா மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்ததில் தொடங்குகிறது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இது காசுக் கதை.

வீட்டில் சொன்னபோது அம்மாதான் கூடக் கோபப்பட்டா. பத்தொன்பது வருடம் கெயர் ஹோமில் வேலை செய்தவ. "நான் ஆக்களைத் தூக்கித் தூக்கி நாரி முறிஞ்சது காணாதோ? உன்னைப் படிப்பிச்சது கதிரையில இருந்து வேலை செய்யத்தானே" என்றா. அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஆர் காசு கட்டுறது?"

நல்ல கேள்வி. 2017 ஓகஸ்ட் வரை இங்கிலாந்தில் நேர்சிங் மாணவர்களின் கட்டணத்தை என்.எச்.எஸ். கட்டியது, பேர்சரியும் கொடுத்தது. அதன் பிறகு சேர்ந்தவர்கள் மற்ற மாணவர்களைப் போலக் கடன்தான் எடுக்க வேண்டும். நான் படித்தபோது வருடத்துக்கு 9,250 பவுண், மூன்று வருடத்துக்கு 27,750. ஏற்கெனவே ஒரு பட்டம் இருப்பதால் எனக்குக் கடனும் கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அது பிழை. இரண்டாவது பட்டத்துக்குப் பொதுவாகக் கடன் இல்லை, ஆனால் நேர்சிங் அதற்கு விதிவிலக்கு. இந்த ஒரு விஷயம் தெரியாமல் நான் இரண்டு வருடம் வீணாக்கினேன். முன்பே பட்டம் எடுத்த அம்மாமார் இதை வாசித்தால் தயவுசெய்து ஒருக்காப் போய்ப் பாருங்கோ.

இன்னொன்று, 2020 இல் இருந்து திருப்பிக் கட்டத் தேவையில்லாத காசு ஒன்று வந்தது. என்.எச்.எஸ். லேர்னிங் சப்போர்ட் ஃபண்ட் என்று பெயர். வருடத்துக்கு 5,000 பவுண். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளை உங்களை நம்பி இருந்தால் மேலும் 2,000. புருஷனின் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், மூன்று தவணையாக வரும், யூனிவர்சிட்டி உங்கள் வருகையை உறுதிப்படுத்தினால்தான் வரும். இந்த 7,000 பவுண்தான் எங்கள் வீட்டின் முதுகெலும்பு.

சைல்ட்கேர் கிரான்ட் அப்படி இல்லை. நேர்சரிச் செலவில் 85 வீதம் வரை தரலாம், ஆனால் வீட்டு வருமானத்தைப் பார்க்கும். இவர் பஸ் ஓட்டுகிறார். அவருடைய சம்பளத்தைக் கழித்துப் பார்த்தபோது எங்களுக்கு மிஞ்சியது சொற்பம். வேலை செய்யும் பெற்றோருக்கான 30 மணித்தியால இலவசப் பராமரிப்பும் எனக்கு இல்லை. காரணம், படிப்பு வேலை அல்ல. பயிற்சிக் காலத்தில் 2,300 மணித்தியாலம் சம்பளமில்லாமல் வார்ட்டில் நிற்க வேண்டும், அதுவும் வேலை அல்ல! சின்னவளுக்கு மூன்று வயதானதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் 15 மணித்தியாலம் கிடைத்தது, அவ்வளவுதான்.

பிளேஸ்மென்ட் பற்றி முதலே யாராவது சொல்லியிருக்கலாம். பகல் ஷிஃப்ட் காலை ஏழரைக்குத் தொடங்கி இரவு எட்டுக்கு முடியும். நேர்சரி எட்டுக்குத் திறந்து ஆறுக்குப் பூட்டும். இவரின் ஷிஃப்டும் கிழமைக்குக் கிழமை மாறும். நடுவில் உள்ள அத்தனை மணித்தியாலத்தையும் நிரப்பியது பதிவு எண் இல்லாத அம்மம்மாதான். ஒருநாள் அம்மாவுக்கு டொக்டரிடம் போக வேண்டி இருந்தது. இவர் பஸ்ஸை ஒப்படைத்துவிட்டு ஓடிப் போய்ச் சேர 22 நிமிடம் பிந்திவிட்டது. நிமிடத்துக்கு ஒரு பவுண் தண்டம். காசு பெரிசில்லை. சின்னவள் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் தனியாக இருந்த படத்தை இவர் இப்பவும் சொல்லுவார்.

இனி நான் விட்ட பிழைக்கு வருகிறேன்.

கட்டணக் கடன் நேரே யூனிவர்சிட்டிக்குப் போய்விடும். சீவியச் செலவுக்கு மெயின்டெனன்ஸ் கடன் தனியாக இருக்கிறது. அப்பா சொன்னார், "கட்டணத்துக்கு எடுக்கிறது சரி, சாப்பாட்டுக்குக் கடன் எடுக்கப்படாது பிள்ளை." பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்து வீட்டுக் கடனைக் கட்டி முடித்த மனுஷன். அவருடைய பேச்சை மீற மனம் வரவில்லை. பாதிக் கடன்தான் எடுத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

2022 பெப்ரவரியில் இவர் முதுகு நோவால் ஆறு கிழமை படுத்துவிட்டார். அதே மாதம் பொய்லர் நின்றது. எனக்கு பிளேஸ்மென்ட் நகரத்தின் மற்றப் பக்கம். வழமையாக யூனிவர்சிட்டிக்குப் போகும் செலவை விடக் கூடுதலாகிற பயணக் காசைத் திருப்பித் தருவார்கள், ஆனால் முதலில் எங்கள் பையில் இருந்து போக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை கணக்கில் 38 பவுண் இருந்தது. அடுத்த கிழமை நேர்சரிக் காசு. அன்று இரவு பாவாடைத் துணிகளை அயன் பண்ணிக்கொண்டு, திங்கட்கிழமை படிப்பை விட்டுவிடுவதாக இவரிடம் சொன்னேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூட நொந்தது.

அம்மா சீட்டை எடுக்கச் சொன்னா. இருபது பேர், ஆளுக்கு 250, மொத்தம் 5,000. என் பெயரிலும் ஒரு சீட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது மாதம் கூறினேன். இன்னொருவருக்கும் அவசரம் இருந்ததால் கழிவு ஏறிக்கொண்டே போய் 900 இல் நின்றது. கையில் 4,100. தாச்சி அன்ரி காசை எண்ணித் தந்து, தேத்தண்ணியும் தந்து, "படிச்சு முடி பிள்ளை" என்றா. அவவில் ஒரு குறையும் இல்லை. பிழை என்னில்தான்.

ஏனென்றால் அதே லேர்னிங் சப்போர்ட் ஃபண்டுக்குள் கஷ்டப்படுகிற மாணவர்களுக்கென்று எக்செப்ஷனல் சப்போர்ட் ஃபண்ட் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு 3,000 பவுண் வரை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. யூனிவர்சிட்டியின் பண உதவிப் பிரிவில் இருந்த பெண்மணி சொல்லித்தான் தெரியும். அவவிடம் போகவே எனக்கு மூன்று மாதம் எடுத்தது. கை நீட்டுவது வெட்கம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அவ என் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னா: மெயின்டெனன்ஸ் கடனை முழுதாக எடுத்தவர்களுக்குத்தான் இது. நான் எடுக்கவில்லை. பெருமைக்காகக் கடனைக் குறைத்து, அந்தக் குறையை நிரப்ப 900 பவுண் கழிவு கொடுத்திருக்கிறேன். பதினொரு வருடம் மற்றவர்களின் கணக்குப் பார்த்தவள்!

அன்றைக்கே கடனைக் கூட்டினேன். கல்வியாண்டின் நடுவிலும் கூட்டலாம்.

அப்பாவுக்கு இரவு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். என் போன்றோர் 27,295 பவுணுக்கு மேலே உழைக்கும் தொகையில் 9 வீதம்தான் கட்ட வேண்டியிருந்தது. ஆண்டுக்கு 34,000 உழைத்தால் மாதம் ஏறக்குறைய 50 பவுண். உழைப்பு இல்லாவிட்டால் கட்டத் தேவையில்லை. 30 வருடத்தில் மிச்சம் அழிந்துவிடும். 2023 ஓகஸ்டுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இது கடினமாகியிருக்கிறது: எல்லை 25,000, காலம் 40 வருடம். வீட்டுக் கடனைப் போல ஆரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள் என்றேன். அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கடன் எண்டு பேர் வைச்சது பிழை" என்றார்.

இந்தப் பாதை மட்டும்தான் என்றில்லை. மச்சாள் ஒருத்தி நேர்சிங் அசோசியேட் அப்ரென்டிஸாகச் சேர்ந்தாள். இரண்டு வருடம், சம்பளத்தோடு, கட்டணம் இல்லாமல். பிறகு மேலே படித்து முழு நேர்ஸ் ஆகலாம். மொத்தத்தில் காலம் கூட எடுக்கும், இடமும் கிடைக்க வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு சம்பளம்தான் என்றால் நான் முதலில் அந்தக் கதவைத்தான் தட்டச் சொல்வேன். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்குக் கதையே வேறு: கட்டணம் இல்லை, வருடத்துக்கு 10,000 பவுண் பேர்சரி. வேல்ஸிலும், முடித்தபின் இரண்டு வருடம் அங்கே வேலை செய்வதாக ஒப்புக்கொண்டால் கட்டணத்தை அரசு பார்க்கும். கவுன்சில் டாக்ஸையும் மறக்க வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் முழுநேர மாணவர் என்றால் 25 வீதம் குறையும்.

2024 இல் முடித்தேன். சீட்டு எப்போதோ கட்டி முடிந்துவிட்டது. அம்மாவின் நாரி நோ அப்படியேதான், அதைப் பற்றிக் கதைத்தால் இப்பவும் எனக்குக் குற்றமாக இருக்கும். முதல் சம்பளத்தில் அவவுக்கு மாதம் இவ்வளவு என்று தரப் பார்த்தேன். வாங்கவில்லை. சின்னவளின் பெயரில் சீட்டுப் போடச் சொன்னா.

போன கிழமை தாச்சி அன்ரியின் மருமகள் வந்தாள், கையில் ஆறு மாதப் பிள்ளை. ஜனவரியில் நேர்சிங் தொடங்குகிறாளாம். நான் லப்டொப்பைத் திறப்பதற்கு முதலே அப்பா உள்ளுக்கு இருந்து குரல் கொடுத்தார்: "அந்த மெயின்டெனன்ஸை முழுசா எடுக்கச் சொல்லு."