புளி தேய்ப்பதில்லை, கரைக்கிறது

கார்த்திகைக்கு முதல் நாள் பரணிலிருந்து இறங்கும் குத்துவிளக்கைப் பாருங்கள். அகலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, தண்டில் கறுப்பு, பாதத்தின் இடுக்குகளில் பச்சைக் களிம்பு. தேங்காய் நாரை எடுத்து அரை மணி நேரம் தேய்த்துத் தோள் வலியோடு எழுந்திருப்பவர்கள் பலர். அந்த வேலையில் பெரும்பகுதியைப் புளியிடமே விட்டுவிடலாம்.

பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றுப் பட்டால் செம்பு ஆக்சைடாகிக் கறுக்கும். ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் பச்சை பூக்கும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் இரண்டையும் கரைத்துவிடும். ஆனால் எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி அமிலம் உள்ளே போகாது. அதனால் முதலில் சோப்பும் வெந்நீரும் போட்டுப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும். பிறகு ஊறிய புளியைச் சக்கையோடு பூசிப் பத்து நிமிடம் விட்டால், லேசாகத் தேய்த்தாலே மஞ்சள் பளிச்சென்று வரும். நன்றாக வரட்டும் என்று ராத்திரி முழுக்க ஊறவைத்துவிடாதீர்கள். அமிலம் துத்தநாகத்தையும் அரித்துவிடும், விளக்கு சிவந்துபோகும்.

வெள்ளிக் கொலுசு கறுப்பது வேறு கதை. அங்கே ஒட்டியிருப்பது கந்தகத்தோடு சேர்ந்த வெள்ளி, அதாவது சில்வர் சல்பைடு. பற்பசை போட்டுத் தேய்த்தால் கறுப்பு போகும். அதோடு வெள்ளியும் கொஞ்சம் தேய்ந்து போகும். நான் பல காலமாகச் செய்வது இது: பீங்கான் கிண்ணத்தில் அலுமினியம் ஃபாயிலை விரித்து, கொலுசு அதைத் தொடும்படி வைத்து, ஒரு கரண்டி சமையல் சோடா தூவி, கொதிக்கும் நீரை ஊற்ற வேண்டும். சில நிமிடங்களில் கறுப்பு மறைகிறது. லேசாக அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம். வெளியேறும் கந்தகம்தான் அது. அலுமினியம் எலக்ட்ரான்களைக் கொடுக்க, சல்பைடாகிப்போன வெள்ளி மறுபடி வெள்ளியாகிறது. கல் ஒட்டிய நகைக்கும், அழகுக்காகவே கறுப்பேற்றிய வேலைப்பாட்டுக்கும் இந்த முறை ஆகாது.

வாளியிலும் குழாயிலும் படியும் உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகர் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் நுரைத்துக் கரையும். அதோடு சமையல் சோடாவையும் கலக்கச் சொல்கிறார்கள். கலந்தால் நுரை பொங்கும், அவ்வளவுதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால் இரண்டின் வேலையும் கெட்டுவிடும்.

அந்தக் கலவையால் நேரம்தான் வீண். பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ, கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிடோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியப் படை எதிரிகள்மீது திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இந்த இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். வீட்டுவேலைக்கு வரும் அம்மாவிடமும் இன்றே இதைச் சொல்லிவிடுங்கள்.