பெட்டிக்குள்ளே ஒரு சித்திரக்காரர்

பட்டுக்கோட்டையில் ஒரு குடும்பத்தார் பையனின் காலேஜ் படிப்புக்காக மேஜைக் கம்ப்யூட்டர் வாங்கப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் பல கேள்விகள் கேட்பார். அவற்றில் பணப்பையைத் தொடும் கேள்வி ஒன்று உண்டு. "தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போட்டுவிடலாமா?" என்பதே அது. தகப்பனார் பையன் முகத்தைப் பார்ப்பார். பையன் கூரையைப் பார்ப்பான். உயர்ந்த ரகக் கார்டு ஒன்றின் விலை, பெட்டியிலுள்ள மற்றச் சாமான்கள் அத்தனையின் விலையையும் விழுங்கிவிடக் கூடியது. ஆகையால் கேள்வியின் அர்த்தம் தெரிந்து பதில் சொல்வது நலம்.

கம்ப்யூட்டர் திரை என்பது புள்ளி வைத்துப் போட்ட கோலந்தான். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080, ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். புள்ளி ஒன்றின் வர்ணத்தைக் குறித்து வைக்க 4 பைட் இடம் வேண்டும். அப்படியானால் ஒரு கோலத்துக்குச் சுமார் 83 லட்சம் பைட்டுகள். அந்தக் கோலத்தை விநாடிக்கு 60 தடவை எடுத்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். நாம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே விநாடிக்கு ஏறக்குறைய 50 கோடி பைட்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன! இந்த வேலையைச் செய்பவரைத்தான் சித்திரக்காரர் என்று தலைப்பில் குறிப்பிட்டேன்.

1981-ம் வருஷம் ஐ.பி.எம். கம்பெனியார் தங்கள் பி.ஸி.யை வெளியிட்டபோது, மதர்போர்டு என்னும் தாய்ப் பலகையில் சித்திரக்காரருக்கு இடம் கிடையாது. தனிக் கார்டு வாங்கிச் செருக வேண்டும். அப்போது விற்ற கார்டுகளில் ஒன்று படமே போடாது. எழுத்து மாத்திரம் காட்டும். வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 25 வரி. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள கட்டம். மொத்தம் 256 வடிவங்கள் கார்டிலேயே பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றில் தமிழ் 'அ' இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலீஷ் எழுத்துக்கு அளவெடுத்த அந்தக் கட்டத்தில் நம் 'ண'கரத்தின் மூன்று சுழிகளை எப்படி அடைப்பது? கொம்பும் காலும் சேர்ந்த 'கொ'வை எங்கே உட்கார வைப்பது? இந்தச் சங்கடத்துக்கு நம் தேசத்திலேயே பரிகாரம் தேடினார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்த ஆராய்ச்சியின் பலனாக 'ஜிஸ்ட்' என்ற கார்டு உண்டாயிற்று. 1988-ல் ஏற்பட்ட புனே நகரத்து ஸி-டாக் நிறுவனம் அதை வளர்த்துப் பரப்பியது. அதைச் செருகினால், இங்கிலீஷுக்கென்று எழுதிய புரோகிராம்களில்கூடத் தமிழும் தெலுங்கும் தேவநாகரியும் திரையில் வந்து நின்றன. மெச்சத்தக்க காரியந்தான். ஆனாலும் தன் பாஷையின் எழுத்தைத் தன் கம்ப்யூட்டரில் பார்ப்பதற்கு ஒருவன் தனியாக ஒரு கார்டு வாங்க வேண்டியிருந்ததே என்பதை நினைத்தால் இன்றும் மனம் சற்று உறுத்துகிறது.

பிறகு எழுத்தையே படமாக வரையும் காலம் வந்தது. 1991-ல் யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 அந்தத் தமிழைத் திரையில் காட்டிற்று. சித்திரக்காரர் எவராயிருந்தாலும் 'ண'கரம் வரும் என்றாகிவிட்டது. இதற்குள் அவருடைய ஜாகையும் மாறிக்கொண்டிருந்தது. 1999-ல் இன்டெல் வெளியிட்ட 810 என்ற சிப் தொகுதி, அவரைத் தாய்ப் பலகையின் மேலேயே குடிவைத்தது. 2011-ல் வந்த பிராஸஸர்களிலோ, கணக்குப் போடும் பகுதியும் படம் போடும் பகுதியும் ஒரே சிலிக்கன் துண்டில் அமைந்தன. இன்று தாய்ப் பலகையின் பின்புறம் தெரியும் படத் துவாரங்கள் வெறும் வாசற்படிகளே. வீட்டுக்காரர் பிராஸஸருக்குள் இருக்கிறார்.

குடியிருப்பு இலவசம், ஆனால் தண்ணீர் பங்கு. இதைப் பட்டுக்கோட்டையாருக்கு விளக்குவது சுலபம். 1934-ல் மேட்டூர் அணையோடு திறந்த கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரர்கள் அல்லவா அவர்கள்! ஒரே கால்வாயில் தலைமடையும் கடைமடையும் குடிப்பதுபோல, ராம் என்ற ஒரே ஞாபகப் பகுதியிலிருந்து பிராஸஸரும் சித்திரக்காரரும் எடுத்துக்கொள்கிறார்கள். தனிக் கார்டோ சொந்த ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கும் தென்னந்தோப்பு. அதன் ஞாபகம் அதற்கே.

பங்கீடு புதிதன்று. 1984-ல் இந்திய சர்க்கார் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் கல்வியைத் தொடங்கியபோது பி.பி.ஸி. மைக்ரோ என்ற யந்திரத்தை உபயோகித்தார்கள். அதில் ராம் மொத்தம் 32 கிலோபைட். மிக நுணுக்கமான திரையை வைத்துக்கொண்டால் சித்திரக்காரர் மட்டும் 20 கிலோபைட்டை எடுத்துக்கொள்வார்! மிச்சத்தில் மாணவன் புரோகிராம் எழுத வேண்டும்.

இன்று அவ்வளவு பஞ்சம் இல்லை. 3200 வேகமுள்ள டி.டி.ஆர்.4 ராம் தகடு ஒன்று விநாடிக்கு 2,560 கோடி பைட் வரை கொடுக்கும். திரைக்குப் போகும் 50 கோடி அதில் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் விளையாட்டுக்களில் ஒரு காட்சியை வரைந்து முடிப்பதற்குள் சித்திரக்காரர் ராமுக்குப் பலமுறை போய்வருவார். அப்போதுதான் முறைப்பாசனத் தகராறு. எனவே 16 ஜிகாபைட் வேண்டுமானால் ஒரே தகடாக வாங்காமல் 8-ம் 8-மாக இரண்டு வாங்குங்கள். தண்ணீர் அதேதான், வாய்க்கால் இரண்டாகிவிடும். தனிக் கார்டு இல்லாத பெட்டியில் இந்தச் சிறு ஏற்பாடு கொடுக்கும் பலன் கண்கூடு.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. 2019 முதல் இன்டெல் பிராஸஸர்கள் சிலவற்றின் பெயர் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கும். அவற்றில் சித்திரக்காரர் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று அதை வாங்கி வந்து தாய்ப் பலகையின் துவாரத்தில் கேபிளைச் செருகினால், விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் அமாவாசை. ஏ.எம்.டி.யின் ரைஸன் வரிசையில் பழைய பிராஸஸர்களில் பெயர் முடிவில் 'ஜி' இருந்தால்தான் படம் உண்டு. 2022-ல் வந்த 7000 வரிசை முதல் பெரும்பாலானவற்றில் சிறிய சித்திரக்காரர் இருக்கிறார். தனிக் கார்டு போட்டவர்களுக்கு நேர்வது வேறு விபத்து. கார்டு இருக்கும்போது கேபிளையும் கார்டில்தான் செருக வேண்டும். தாய்ப் பலகையின் துவாரங்கள் அப்போது பெரும்பாலும் உறங்கிப் போகும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு நடந்தவர்கள் எத்தனையோ பேர்.

வீட்டில் பழைய மானிட்டர் இருந்தால் அதன் நீல நிறத் துவாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 15 ஊசித் துளைகள் கொண்ட அது வி.ஜி.ஏ.; 1987-ல் பிறந்தது. புதிய பலகைகள் பலவற்றில் ஹெச்.டி.எம்.ஐ.யும் டிஸ்பிளே போர்ட்டும் மட்டுமே இருக்கின்றன. ஹெச்.டி.எம்.ஐ. அனுப்புவது இலக்கம், வி.ஜி.ஏ. எதிர்பார்ப்பது மின்னலை. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்கும் சிறு கருவி ஒன்று வேண்டும். இரு முனையும் பொருந்துகிறதென்று வெறும் கேபிளை வாங்கிவந்தால் படம் தெரியாது.

இனி, தனிக் கார்டு யாருக்கு? கல்யாண வீடியோக்களைச் சேர்த்து வெட்டி ஒட்டும் ஸ்டூடியோக்காரருக்கு வேண்டும். கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரைபவருக்கும், செயற்கை நுண்ணறிவுப் பரிசோதனை செய்யும் மாணவருக்கும் வேண்டும். பெரிய விளையாட்டு ஆடுபவருக்கும் வேண்டுந்தான். கூரையைப் பார்த்த பையன் எந்த ரகம் என்பது தகப்பனாருக்குத் தெரிந்திருக்கும்! கடிதம், கணக்கு, பாடம், சினிமா, புரோகிராம் எழுதுதல் ஆகியவற்றுக்கு உள்ளே குடியிருப்பவரே போதும். அவசியம் பின்னால் வந்தாலும் பாதகமில்லை. மேஜைக் கம்ப்யூட்டரின் தாய்ப் பலகையில் கார்டுக்கென்று நீளமான துவாரம் ஒன்று அநேகமாக இருக்கிறது. அதையும், மின்சாரம் கொடுக்கும் டப்பாவின் சக்தி அந்தக் கார்டுக்குப் போதுமா என்பதையும் வாங்கும்போதே கேட்டு, பில்லின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.